பட்டியலில் ஒரு பெயர்

கோவில்பதாகைப் பக்கம் ஒரு பெண்பிள்ளை நன்றாக ஓடுகிறாள் என்று தெரிந்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு ஒலிம்பிக்கைப் பற்றி இருக்காது. போலீசில் எடுத்துக்கொள்வார்களா, ரயில்வேயில் கிடைக்குமா என்றுதான் பேச்சு தொடங்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆவடியைச் சுற்றி வாழ்கிறவர்கள் சீருடைகளைப் பார்த்தே வளர்கிறவர்கள். கனரக வாகனத் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அணிகள், விமானப்படை நிலையம் என்று மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கண்ணெதிரே நடமாடும் வட்டாரம் இது. அந்த வாசல்களுக்குள் நுழையப் படிப்பு ஒரு வழி. கால் வேகம் இன்னொரு வழி.

அரசும் அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல், மருத்துவப் படிப்புகளில் தனி இடங்கள் உண்டு. ரயில்வேயும் காவல்துறையும் மத்தியப் படைகளும் விளையாட்டுச் சான்றிதழைப் பார்த்து ஆள் எடுக்கின்றன. மாநிலப் போட்டியில் மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே இருப்பது அரை நொடியாக இருக்கலாம். வீட்டுக் கணக்கில் அது ஒரு தலைமுறையின் வித்தியாசம். விடியற்காலையில் மைதானத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் இந்தக் கணக்கைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறார்கள். கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் பெரியவர்கள்.

ஓட்டத்தில் பாரபட்சம் கிடையாது என்பார்கள். கடிகாரம் சாதி பார்க்காது, சிபாரிசு கேட்காது. உண்மைதான். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பலவும் முடிவாகிவிடுகின்றன. எந்த மீட்டுக்கு யாரை அனுப்புவது, நுழைவுப் படிவத்தில் யார் பெயரை எழுதுவது, கேம்ப்புக்கு யாரைப் பரிந்துரைப்பது, ஹாஸ்டலில் யாருக்கு இடம், ஸ்பான்சர் கொடுத்த ஸ்பைக்ஸ் யார் காலுக்கு, தசைப்பிடிப்பு கண்ட காலுக்கு இன்று ஓய்வா ஓட்டமா என்பதையெல்லாம் ஒரு மனிதர்தான் தீர்மானிக்கிறார். கபடி, வாலிபால், ஹாக்கி போன்ற அணி ஆட்டங்களில் கடிகாரத்தின் துணையும் இல்லை. தேர்வாளர் கண்ணுக்குப் பட்டதுதான் திறமை. கற்றுக்கொடுப்பவர், தேர்வு செய்பவர், சான்று தருபவர், வலிக்கு மருந்து சொல்பவர், வெளியூர்ப் பயணத்தில் காவலாக வருபவர் என்று ஐந்தாறு பொறுப்புகளின் சாவிகளும் ஒரே கொத்தாக ஒரே இடுப்பில் தொங்குகின்றன. அந்த மனிதர் நல்லவராக அமைந்தால் பிள்ளைக்கு அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கும் ஏற்பாட்டுக்குத்தான் நாம் பயிற்சித் திட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

2021 மே மாதம் சென்னையில் இந்த ஏற்பாடு பொதுவெளியில் விசாரணைக்கு வந்தது. கே.கே. நகர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீது முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் பாலியல் புகார்களை எழுதத் தொடங்கிய மாதம் அது. அதைத் தொடர்ந்து பல பள்ளிகளின் பெயர்கள் வெளிவந்தன. மாத இறுதியில் 19 வயது தடகள வீராங்கனை ஒருவர் கொடுத்த புகாரின் பேரில், சென்னையில் தனியார் தடகளப் பயிற்சி மையம் நடத்திவந்த பி. நாகராஜன் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். பூக்கடை அனைத்து மகளிர் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது. தசைவலிக்குப் பிசியோதெரபி செய்வதாகச் சொல்லித் தனியே இருத்தி அத்துமீறினார், இது சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே நடந்தது என்பது புகார். ஜூலைக்குள் மேலும் ஏழு பெண்கள் புகார் கொடுத்தார்கள். அவர்களில் முன்னாள் வீராங்கனைகளும் இருந்தார்கள்.

குற்றம் உண்மையா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் புகார்களின் வரிசை நமக்கும் ஒரு கேள்வி வைக்கிறது. ஒருவர் வாய் திறந்ததும் ஏழு பேர் பின்னால் வந்தார்கள். அதுவரை அந்த ஏழு பேரும் எங்கே இருந்தார்கள்? ட்ராக்கில், மீட்டில், பதக்க மேடையில், பிறகு வேலையில், கல்யாண வாழ்க்கையில் இருந்தார்கள். சொல்ல ஓர் இடம் மட்டும் இல்லை. பயிற்சி மையத்தில் புகார் செய்வதென்றால் புகாருக்கு உள்ளானவரிடமே செய்ய வேண்டும். சங்கத்துக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருப்பவர் அவருடைய பழைய தோழர். வீட்டில் சொன்னால் மறுநாளிலிருந்து மைதானம் கிடையாது. எட்டு வருட ஓட்டம், அப்பா வாங்கிய கடன், அம்மா விடியுமுன் கட்டிக்கொடுத்த சோறு எல்லாம் ஒரு வாக்கியத்தில் முடிந்துபோகும். அந்தக் கணக்கையும் அவள் ஓடிக்கொண்டே போட்டிருப்பாள்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் எது என்று விளக்கும் பட்டியலிலேயே விளையாட்டு நிறுவனம், விளையாட்டரங்கம், போட்டி நடக்கும் இடம், பயிற்சி நடக்கும் இடம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வருகிறது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே அந்தச் சட்டத்தின்படி குற்றம். காகிதத்தில் மைதானம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது.

காகிதத்துக்கு வெளியே நடந்ததற்கும் கணக்கு உண்டு. 2010 முதல் 2019 வரை இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களில் 45 பாலியல் துன்புறுத்தல் புகார்கள் பதிவானது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2020இல் வெளிவந்தது. அவற்றில் 29 புகார்கள் பயிற்சியாளர்கள் மீது. பல வழக்குகளில் தண்டனை என்பது இடமாற்றமாகவோ, சம்பளத்திலோ ஓய்வூதியத்திலோ சிறு வெட்டாகவோ முடிந்திருந்தது. ஓர் ஊரில் புகாருக்கு உள்ளானவரை இன்னோர் ஊருக்கு அனுப்புவதை நிர்வாகம் நடவடிக்கை என்று எழுதிக்கொள்ளும். அந்த இன்னோர் ஊரிலும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது கோப்பில் எழுத இடமில்லாத விவரம்.

2022 ஜூனில் ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குப் போன இந்திய சைக்கிள் வீராங்கனை ஒருவர் தேசியப் பயிற்சியாளர் மீது புகார் அனுப்பினார். அறையை இருவர் பகிர வேண்டும் என்ற ஏற்பாட்டைக் காரணம் காட்டித் தன் அறையிலேயே தங்கச் சொன்னார் என்பது புகாரின் ஒரு பகுதி. பயிற்சி மையத்திலிருந்து வெளியேற்றி எதிர்காலத்தைக் கெடுத்துவிடுவதாக மிரட்டினார் என்பது இன்னொரு பகுதி. அணி திருப்பி அழைக்கப்பட்டது; பயிற்சியாளரின் ஒப்பந்தம் ரத்தானது. அதற்குப் பிறகுதான், வீராங்கனைகள் வெளியூரோ வெளிநாடோ போனால் பெண் பயிற்சியாளர் ஒருவர் உடன் போக வேண்டும் என்று ஆணையம் விதி கொண்டுவந்தது. எந்த வீட்டிலும் ஒரு பாட்டியிடம் கேட்டிருந்தால் இந்த விதியை முன்பே சொல்லியிருப்பார்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பாடம் டெல்லியில் நடந்தது. 2023 ஜனவரி 18 அன்று வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் பூனியா உள்ளிட்ட மல்யுத்த வீரர்கள் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவரும் ஆளுங்கட்சி மக்களவை உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு. அவர் மறுத்தார், இன்றும் மறுக்கிறார். மேரி கோம் தலைமையில் ஒரு மேற்பார்வைக் குழு போடப்பட்டது. ஏப்ரலில் வீரர்கள் மறுபடியும் வீதிக்கு வந்து, உச்ச நீதிமன்றம்வரை போன பிறகே, 28ஆம் தேதி முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஆசியாவின் தங்க மங்கையாக நாம் கொண்டாடிய பி.டி. உஷா அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர். வீதியில் போராடுவது ஒழுங்கீனம், அது நாட்டின் பெயருக்குக் கேடு என்று அவர் கருத்துச் சொன்னார். சில நாட்கள் கழித்துப் போராட்ட இடத்துக்கு வந்தும் பார்த்தார். மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட நாளில், நாட்டுக்குப் பதக்கம் வாங்கித்தந்தவர்களைப் போலீசார் சாலையில் இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். ஒழுங்கு அன்றைக்குக் குறைவில்லாமல் காக்கப்பட்டது.

இந்த வழக்கில் நம்மைத் தூங்கவிடாத ஒரு கிளை உண்டு. புகார் கொடுத்தவர்களில் ஒருவர் சிறுமி. அதனால் போக்சோ வழக்கும் பதிவாகியிருந்தது. அந்தச் சிறுமியின் தந்தை 2023 ஜூனில் பேச்சை மாற்றினார். தேர்வுப் போட்டியில் மகளுக்கு அநியாயம் நடந்தது, அந்தக் கோபத்தில் தவறான புகார் கொடுத்தோம் என்றார். 2025 மே மாதம் டெல்லி நீதிமன்றம் அந்த வழக்கை முடித்துவைத்தது. வயதுவந்த வீராங்கனைகள் தொடுத்த வழக்கு தனியாக நடக்கிறது. அதில் 2024 மே மாதமே நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்துவிட்டது.

தந்தை முதலில் சொன்னது பொய்யா, பிறகு சொன்னது பொய்யா என்று வெளியிலிருந்து சொல்ல நமக்கு உரிமை இல்லை. நீதிமன்றம் முடித்ததை முடிந்ததாகவே கொள்ள வேண்டும். ஆனால் அந்த வாக்குமூலத்தின் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செலக்‌ஷன் இருக்கிறது. அணியில் சேர்ந்த பெண் புகார் சொன்னால், இத்தனை நாள் அவரிடமே பயிற்சி எடுத்துப் பதக்கமும் வாங்கிவிட்டு இப்போது என்ன என்பார்கள். அணியில் சேராத பெண் சொன்னால், இடம் கிடைக்காத ஆத்திரம் என்பார்கள். இன்னும் தேர்வுக்குக் காத்திருக்கும் பெண்ணால் சொல்லவே முடியாது. தேர்வுப் பட்டியல் முதலில் அவள் வாயை அடைக்கிறது. அவள் பேசிவிட்டால் அதே பட்டியல் அவள் சொல்லுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருகிறது. விளையாட்டுத் துறையில் நடக்கும் அத்துமீறல் மற்ற இடங்களில் நடப்பதிலிருந்து வேறுபடுவது இங்கேதான். தேர்வு முறை யோக்கியமாக இல்லாத இடத்தில் பொய்ப் புகாருக்கும் காரணம் கிடைக்கும். மெய்ப் புகாரைத் தள்ளிவிடவும் சாக்குக் கிடைக்கும். நல்ல பயிற்சியாளருக்கும் அங்கே பாதுகாப்பு இல்லை.

போராட்டம் நடந்த 2023இல் இன்னொன்றும் நடந்தது. ஆசிய விளையாட்டுக்கு வினேஷையும் பஜ்ரங்கையும் தேர்வுப் போட்டி இல்லாமலே நேரடியாக எடுத்துக்கொண்டார்கள். வினேஷின் எடைப் பிரிவில் இருந்த இளம் வீராங்கனை அந்திம் பங்கால் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மனு தள்ளுபடியானது. பின்னர் வினேஷுக்கு முழங்காலில் காயம்பட்டதால் அந்திம் போய் வெண்கலம் வென்றார். அந்திமின் கேள்வி நியாயமானது. தெருவில் நின்றவர்களின் கேள்வியும் நியாயமானது. ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றை அடிக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். போராட்டமே ட்ரையல்ஸுக்குப் பயந்து நடந்தது என்று பேச்சு கிளம்பியது. செலக்‌ஷன் என்ற சொல் வந்துவிட்டால் துன்புறுத்தல் என்ற சொல் காணாமல் போய்விடுகிறது.

அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று கூட்டமைப்புக்குத் தேர்தல் நடந்தது. பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமான சஞ்சய் சிங் வென்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனையான சாக்‌ஷி மாலிக், தன் காலணிகளை மேஜைமீது வைத்துவிட்டு ஓய்வை அறிவித்தார். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் பிரிஜ் பூஷணுக்குக் கட்சி இடம் தரவில்லை. அதே தொகுதியை அவர் மகனுக்குத் தந்தது, மகன் வென்றார்.

நம் நாட்டில் சிறந்த பயிற்சியாளருக்குத் துரோணாச்சாரியார் விருது தருகிறார்கள். 1985இல் முதல் விருது பெற்றவர்களில் உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரும் ஒருவர். விருதின் பெயரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏகலைவனின் கட்டைவிரலை நினைவுபடுத்துவார்கள். அந்தக் கதையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். துரோணர் ஏகலைவனுக்கு ஒரு நாள்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை. அருச்சுனனே முதல்வன் என்று பட்டியல் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்தப் பட்டியலைக் காப்பாற்ற, கற்பிக்காத பாடத்துக்குக் கட்டணம் கேட்டார். கேட்டவுடன் அவன் கொடுத்தான். காலங்காலமாக நாம் மெச்சுவது அவன் கொடுத்ததைத்தான். மறுத்திருந்தால் அவன் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

அந்த மெச்சுதல் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விடும்போது கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் சொன்ன மரபு நம்முடையது. அடிப்பதற்கு ஒப்புதல் தந்ததாக நாம் நினைத்தோம். உடம்பின்மீதே இன்னொருவருக்கு உரிமை எழுதிக் கொடுத்தோம் என்று பிள்ளை புரிந்துகொண்டது. விளையாட்டில் இந்த ஒப்புதல் இன்னும் ஆழமானது. ஏனென்றால் அங்கே வலியும் தொடுதலும் பாடத்தின் பகுதி. நிற்கும் நிலையைத் திருத்த, தோள்பட்டையைச் சரிசெய்ய, சுளுக்கிய காலைப் பார்க்கப் பயிற்சியாளர் தொட்டாக வேண்டும். எது பாடம், எது அத்துமீறல் என்று பன்னிரண்டு வயதில் பிரித்துப் பார்க்கச் சொல்லித்தர யாரும் இல்லை. சொல்லித்தர வேண்டியவரும் அவரேதான்.

மற்ற நாடுகள் நம்மைவிட ஒழுங்காக இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசரின் செயல்களை 2016 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் நாளேடு ஒன்று வெளிக்கொண்டுவந்தது. முதலில் பெயரோடு முன்வந்தவர் ரேச்சல் டென்ஹாலண்டர். 2018 ஜனவரியில் 40 முதல் 175 ஆண்டுகள்வரை சிறை என்று தண்டனை அறிவிக்கப்பட்டபோது, 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் வாக்குமூலம் தந்திருந்தார்கள். பெற்றோர் நுழைய முடியாத பயிற்சி முகாம், குறைத்துக் கொடுத்த சாப்பாடு, வலி என்று சொன்னால் பட்டியலில் பெயர் போய்விடுமோ என்ற பயம் இவற்றின் நடுவே அந்தச் சிறுமிகளுக்கு அன்பாகப் பேசிய ஒரே பெரியவர் அந்த மருத்துவர்தான். முகாமின் கடுமைதான் அவருக்கு வழி செய்துகொடுத்தது. தென்கொரியாவின் பனிச்சறுக்கு வேகப் பந்தய வீராங்கனை ஷிம் சுக்-ஹி, தன் பயிற்சியாளர் மீது கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகார் 2019 ஜனவரியில் வெளியே தெரிந்தபோது அவர் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை வென்றவர். அந்தப் பயிற்சியாளருக்கு மேல்முறையீட்டில் 13 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. தங்கம் வாங்கியவரே அவ்வளவு நாள் வாய் திறக்க முடியவில்லை என்றால், மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளையை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பதில் என்ன நியாயம்?

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. கூட்டமைப்புகளைக் கண்காணிக்க வாரியம், வழக்குகளைத் தீர்க்கத் தீர்ப்பாயம், பெண்களுக்கும் சிறார்களுக்கும் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை, செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் என்று நல்ல சொற்கள் பல அதில் உள்ளன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சட்டம் மேலிருந்து இறங்குகிறது. பிள்ளை கீழிருந்து ஏறுகிறாள். வாடகை மைதானத்தில் நாலு கூம்பும் ஒரு விசிலும் வைத்து நடக்கும் அகாடமிவரை அந்தச் சட்டம் இறங்கி வர எத்தனை ஆண்டாகுமோ, அதற்குள் அவள் ஓடும் வயதைத் தாண்டிவிடுவாள்.

தேவை, சாவிக் கொத்தைப் பிரிப்பது. கற்றுக்கொடுப்பவரே தேர்வு செய்யக் கூடாது. தேர்வின் அளவுகோலை முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும். முடிவையும் காரணத்தோடு ஒட்ட வேண்டும். காயத்தைப் பயிற்சியாளர் அல்லாத ஒருவர், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். புகார் கொடுத்த பிள்ளைக்கு விசாரணை முடியும்வரை வேறு பயிற்சியாளரும், கேம்ப்பில் அதே இடமும் உறுதியாக வேண்டும். இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. இவற்றால் அதிகம் பயனடையப்போவது யோக்கியமான பயிற்சியாளர்கள். தற்காலிகச் சம்பளத்தில், சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு முட்டையும் பஸ் கட்டணமும் கொடுத்து ஓடவிடும் மனிதர்கள் இந்த வட்டாரத்திலும் உண்டு. யாரோ ஒருவர் கைதாகும் ஒவ்வொரு முறையும் அவர்கள் வெட்கத்தோடு மைதானத்துக்கு வருகிறார்கள். தெளிவான விதி அவர்களுக்கான கவசமும்கூட.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அகாடமியில் பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்கலாம். பயிற்சியை நாங்கள் எந்த நாளும் வந்து பார்க்கலாமா? வெளியூர்ப் போட்டிக்குக் கூட வரும் பெண் யார்? காலில் அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? மாஸ்டர் மீதே புகார் என்றால் யாரிடம் சொல்வது? வீட்டில் பிள்ளையிடம் 1098 என்ற எண்ணையும், சொன்னால் ஓட்டத்தை நிறுத்திவிட மாட்டோம் என்ற வாக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பயனில்லை. இத்தனை கேட்கிறவர்களின் பிள்ளை எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு மாஸ்டர் சொன்னால், வருத்தப்படாமல் திரும்பி வந்துவிடலாம். விட்டுவிட்டு வர வேண்டிய செலக்‌ஷன் அது ஒன்றுதான்.